கணினிக்குள் ஒரு கீறல்

"அண்ணாச்சி, எம்பொண்ணு ஒரு வருசமா வைரத்தால உலோகத்தைக் கீறிப் பாத்துட்டிருக்கா. வைரமும் நிஜமில்ல, உலோகமும் நிஜமில்ல. இதுக்கா சென்னைக்கு அனுப்பிப் படிக்க வெச்சேன்?"

போன வாரம் ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பலுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தூத்துக்குடிக்காரர் கேட்டது. பேசாமல் ஏதாவது சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிடு என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். எனக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் அவர் கேட்டதும் முழுக்கத் தப்பில்லை.

சாதாரண எஃகில் இரும்புதான் ராஜா, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். இவள் எடுத்துக்கொண்டது உயர் என்ட்ரோபி உலோகக்கலவை. இரும்பு, குரோமியம், மாங்கனீசு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சம பங்கு. நம்ம ஊர் அவியல் மாதிரி, எந்தக் காய் முக்கியம் என்று சொல்ல முடியாது :-) 2004-இல் இங்கிலாந்தில் பிரையன் கேன்ட்டரும் தைவானில் ஜியன்-வெய் யேவும் தனித்தனியே இதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடமே 'கரன்ட் சயின்ஸ்' இதழில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ்.ரங்கநாதன் இவற்றைப் பல உலோகக் 'காக்டெயில்' என்று அழைத்துவிட்டார். சென்னை ஐஐடியில் இருந்த பி.எஸ்.மூர்த்தி, யே, ரங்கநாதன் மூவரும் 2014-இல் புத்தகமே போட்டார்கள். ஆக, இது நமக்கு அந்நியச் சமாச்சாரம் இல்லை.

இவள் செய்தது என்ன? லட்சக்கணக்கான அணுக்களைக் கணினியில் அடுக்கி, வைர முனை ஒன்றை அழுத்தி இழுக்கிறாள். முனைக்கு முன்னால் அணுக்கள் மேடாகக் குவிகின்றன. உள்ளே அணுத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஐந்து வகை அணுக்களும் ஒரே பருமன் இல்லை என்பதால் வழுக்கும் பாதையே கரடுமுரடு. கலவை ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட வழியில்லை. மென்பொருள் லாம்ப்ஸ், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வளர்ந்தது, இலவசம். தீவில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

இனி வில்லங்கம். முனை போகும் வேகம் நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர்! 10 நானோமீட்டர் கீற ஒரு லட்சம் கணக்குப் படிகள் போதும். ஆய்வகத்தில் நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்று மெதுவாகக் கீறுவதை அப்படியே கணக்குப் போட்டால் பத்து லட்சம் கோடி படிகள். நடக்கிற காரியமா? அதனால்தான் அந்த ஓட்டம். போதாததற்கு ஐந்து உலோகங்களுக்குள் 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் விசைச் சூத்திரம் வேண்டும், அதெல்லாம் தோராயம்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பெட்டிக்குள் உப்புக் காற்று இல்லை. ஹேடோவில் கப்பல் கட்டும் சங்கிலியைப் பாருங்கள். உரசினால் மேல்படலம் போகும், புது உலோகம் வெளியே வரும், உப்பு அதைத் தின்னும், மறுபடி உரசல். தேய்மானமும் துருவும் கைகோத்து வருகின்றன. அவள் உலோகமோ ஒரு பழுதும் இல்லாத படிகம், வெற்றிடத்தில்.

அதனால் அவள் அறிக்கையில் 'தேய்மானம் தாங்கும் கலவை' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். முகம் சுண்டிப் போயிற்று. "அப்ப ஒரு வருசம் வேஸ்ட்டா மாமா?" என்றாள். இல்லவே இல்லை. 'எப்படி உருக்குலைகிறது' என்று எழுது, வேகத்தை முதல் பக்கத்திலேயே போடு, அடுத்ததாக நிஜத் துண்டு ஒன்றை உப்புத் தண்ணீரில் வைத்துக் கீறிப் பார்க்க இடம் தேடு என்றேன். அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது படிக்க வேண்டும்.

அப்பாவிடம் நீங்களே பேசுங்க மாமா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த கப்பல் வரும் நாளில் அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், அந்தச் சங்கிலியைக் காட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும்.