இருபது எல்லையாகலாகாது

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியல் படித்துத் தேறிய அ. லலிதா, பதினெட்டு வயதிலேயே கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். அக்கல்லூரியிலேயே பேராசிரியராயிருந்த தந்தையார் பரிந்து பேசியதாலும், முதல்வர் கே. சி. சாக்கோ மனமிசைந்ததாலும் அவருக்கு அங்கே பிரவேசம் கிடைத்தது. உடன் படித்த பி. கே. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அத்தகைய தந்தையும் முதல்வரும் வாய்க்காமல் அடுப்படியோடு நின்றுபோன திரேசியாக்கள் எத்தனை பேரோ!

ஐ.ஐ.டி.களில் 2016-இல் சேர்ந்தவர்களுள் பெண்கள் நூற்றுக்கு எட்டுப் பேரே. 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் சிருஷ்டிக்கப்பட்டு, 2020-இல் அவ்விகிதம் இருபதாயிற்று. ஆண்களுக்கிருந்த இடங்களில் ஒன்றும் குறைக்கப்படவில்லை. அப்பெண்களும் அதே நுழைவுத் தேர்வில் தேறியவர்களே. அப்படியிருந்தும் தகுதி கெட்டுவிட்டதென்ற கூக்குரல் ஓயவில்லை. மகனுக்கு ராஜஸ்தானின் கோட்டா நகரில் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கட்டணமும் விடுதிச் செலவும் கட்டத் தயங்காத குடும்பம், மகளுக்கு உள்ளூர்க் கல்லூரியே போதுமென்று தீர்மானிக்கும் நாட்டில், நுழைவுத் தேர்வின் தரவரிசை புத்தியை மட்டுமே அளக்கிறதென்று சொல்வது நியாயமாகாது. பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுதோறும் பெண்களே முந்துவதைத் தமிழ்நாடு கண்டுவருகிறது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007-இல் கைவிட்டு, அந்த மதிப்பெண்ணையே அது ஆதாரமாகக் கொண்டதும் சரியே.

இருபது என்பது தொடக்கமேயன்றி முடிவன்று. பாதியை எட்டும் வரை ஆண்டுதோறும் அதை உயர்த்த வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஆயினும் இடம் கொடுப்பதோடு கடமை தீர்ந்ததாகாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஐ.ஐ.டி.களில் 1973 முதல் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் விடுதியில் கால் வைத்த முதல் நாளே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்டு, அதன் வழியாகச் சாதியைக் கண்டுகொள்ளும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு என்பது நம் நெஞ்சைச் சுடுகிறது. தமிழ் வழியில் படித்து, ஆங்கில விரிவுரைகளுக்கு நடுவே திகைத்து உட்கார்ந்திருக்கும் பட்டியல் சாதிப் பெண்ணொருத்தி, தன் துயரைச் சொல்லி ஆறுதல் பெறத் தன் சமூகத்துப் பேராசிரியர் ஒருவரைத் தேடினால் பெரும்பாலும் காணமாட்டாள். ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கு 2019-இல் சட்டமே இயற்றப்பட்ட பின்னும் இந்நிலை நீடிப்பதற்குச் சமாதானம் எதையும் ஏற்பதற்கில்லை. ஒவ்வொரு துறையிலும் நிரம்பாத ஒதுக்கீட்டுப் பணியிடங்கள் எத்தனை, படிப்பை நடுவில் விட்டவர்கள் எந்தப் பிரிவினர் என்பதை நிர்வாகங்கள் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அவ்வாறு செய்யாத நிறுவனத்தின் இயக்குநரிடம் மத்தியக் கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்க வேண்டும்.