கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதாம்!

"கட்டுமானத் துறை தகவல் தொழில்நுட்பத்தில் பின்தங்கிய துறை." எம்.ஐ.எஸ். பேப்பரில் நாம் எல்லோரும் மனப்பாடமாக எழுதும் வரி. காரணங்களும் ரெடியாக இருக்கும்: மேஸ்திரிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, சைட்டில் தூசி, ஒவ்வொரு வேலைக்கும் புது இடம், புது ஆட்கள்.

எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஃப்ளாட் விற்கும்போது பாருங்கள். அஸ்திவாரமே தோண்டாத கட்டடத்துக்குள் நம்மை நடக்கவிட்டு, பால்கனியில் சூரியோதயம் வரை காட்டுகிறார்கள். அதற்கு மட்டும் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிகிறதே, எப்படி?

தெரியாமல் இல்லை ஐயா, வேண்டாம் என்று இருக்கிறார்கள். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது வெறும் லாப நஷ்டக் கணக்கு.

டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்கு வேலை. அடிமாட்டு விலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் லாபத்தை எங்கே பார்ப்பார்? எக்ஸ்ட்ரா ஒர்க் பில்லில்தான். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் ஏசி குழாய் போகிற இடத்தில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு பீம் வைத்திருப்பார். கான்கிரீட் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும். உடை, மறுபடி கட்டு, தனி பில் போடு. எல்லா வரைபடங்களையும் ஒரே முப்பரிமாண மாடலில் சேர்த்திருந்தால் இந்த மோதல் முன்பே திரையில் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டால் பில் ஏது? குழப்பத்தில் சம்பாதிக்கிறவரிடம் குழப்பம் நீக்கும் மென்பொருளை விற்றால் வாங்குவாரா? வாங்கினாலும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மூடிவிடுவார் :-)

நிக்கோலஸ் கார் என்பவர் 2003-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதி ஏகப்பட்ட பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். காசு கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கிற தொழில்நுட்பம் யாருக்கும் தனி பலம் ஆகாது என்பது அவர் வாதம். கட்டுமானத்தைப் பொறுத்தவரை எனக்கு அது சரியாகவே படுகிறது. மென்பொருள் கடையில் கிடைக்கும், ஒப்பந்தம் கிடைக்காது.

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 430 கோடி பவுண்ட் வேலை. அங்கேயும் பொதுவான கணினி மாடல் இருந்தது. ஆனால் அதற்கு முன் விமான நிலைய நிறுவனமான பி.ஏ.ஏ. ஒரு காரியம் செய்தது. ஏதாவது தவறினால் ரிஸ்க் என்னுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. காண்ட்ராக்டருக்கு ஆன செலவு வந்துவிடும், சிக்கனமாக முடித்தால் மிச்சத்தில் பங்கு. இப்போது தப்பை மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை, மாடலில் உண்மையைப் போட்டார்கள். சொன்ன பட்ஜெட்டுக்குள் கட்டடம் முடிந்தது.

"2008 மார்ச் 27-ல் திறந்த அன்றே பெட்டிகள் சிக்கி விமானங்கள் ரத்தாகி நாறியதே?" என்பீர்கள். உண்மைதான். கட்டியவர்களுக்கு இருந்த அக்கறை இயக்கப் போகும் ஊழியர்களின் பயிற்சியில் இல்லை. அதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி. கம்ப்யூட்டர் இருந்தும் ஆட்களைத் தயார் செய்யவில்லை.

பிரிட்டிஷ் அரசு 2011-ல் அறிவித்து, 2016 ஏப்ரல் முதல் தன் மத்தியத் துறைகளின் கட்டுமானப் பணிகளுக்கு பிம் முறையைக் கட்டாயமாக்கியது. பணம் கொடுக்கிற அரசு கேட்டால் நடக்கும். இருபது வருஷக் கடனில் ஃப்ளாட் வாங்கும் நம் ஊர்க் குடும்பம் யாரைக் கேட்கும்?

அதற்காகத்தான் 2016-ல் ரெரா சட்டம் வந்தது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அதில் கை வைக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் மூவரின் சான்றும் தேவை. எத்தனை வீடு புக் ஆனது, எந்த அனுமதி பாக்கி, வேலை எந்த நிலையில் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரெரா இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பகட்டே இல்லாத சாதாரணப் பட்டியல்தான். ஆனால் கட்டுமானத்தில் தகவல் தொழில்நுட்பத்தின் உருப்படியான பயன் என்று நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் தகவல் பில்டர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு வருகிறது. சூரியோதயப் படம் காட்டுகிறவரிடம் அந்தக் காலாண்டுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

"கட்டுமான நிறுவனத்துக்கு எந்த ஈ.ஆர்.பி. சிறந்தது" என்று ப்ராஜெக்ட் செய்யப் போகும் வகுப்பு நண்பர்களே, முதலில் அந்த கம்பெனியின் ஒப்பந்த நகல் ஒன்றைக் கேளுங்கள். தர மாட்டார்கள். அதையும் ப்ராஜெக்ட்டில் எழுதுங்கள்.