வேகத்திற்கு ஓர் இடம்



மாலை வேளையில் நம் தெருவில் காதைத் துளைக்கும் ஓசையுடன் ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வரும்போது, வாசலில் விளையாடும் குழந்தையைப் பதறி அள்ளிக்கொள்ளாத தாய் இல்லை. ஓட்டிச் சென்றவனைக் காட்டி, “ரேஸ் விடுகிறான்” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவனுடைய தோழர்களோ அதே சொல்லைப் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையான ரேஸ் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்தவர்கள் மட்டும் அந்தச் சொல்லை அவனுக்கு வழங்க மாட்டார்கள். ஏன் என்பதை விளக்க, பந்தய வீரன் ஒருவனின் ஒரு நாளை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னை நகரத்து முதியவர்களிடம் “சோழவரம் ரேஸ்” என்று சொல்லிப் பாருங்கள். பழைய நினைவுகள் ஊற்றெடுக்கும். 1953-ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் அதே கழகம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு பந்தயத் தடத்தை அமைத்தது. 1990 முதல் பந்தயங்கள் நடைபெறும் அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், அதில் வளைவுகள் 12. தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டியின் பல கட்டங்கள் அங்கேதான் நடந்துள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் பெறும் புள்ளிகளைக் கூட்டி ஆண்டின் இறுதியில் சாம்பியன் யார் என்று அறிவிப்பார்கள். புதியவர்களுக்கென ஒரு பிரிவும், பெண்களுக்கென ஒரு பிரிவும் அதில் உண்டு.

“பந்தயம்” என்றதும் சிலருக்கு ஐயம் எழலாம். நம் மொழியில் அச்சொல் பணம் வைத்து ஆடும் சூதையும் குறிக்கும், போட்டியையும் குறிக்கும். இங்கே நாம் பேசுவது போட்டியைப் பற்றி மட்டுமே. இதில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் பொருள் ஈட்ட வந்தவர்களும் அல்லர். வார நாட்களில் அலுவலகத்திலோ, பட்டறையிலோ, கல்லூரியிலோ இருப்பவர்கள். சேமித்த பணத்தை நுழைவுக் கட்டணத்திற்கும், டயருக்கும், விழுந்து உடைந்த பாகங்களுக்கும் செலவழிப்பவர்கள். முதலிடம் வருபவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கோப்பையும், சில புள்ளிகளும், தோழர்களின் கைதட்டலுமே ஆகும்.

அப்படிப்பட்ட ஒருவனை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. பயிற்சிப் பள்ளியில் தேர்ந்து, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற்றவன். பொழுது புலர்வதற்கு முன்பே அவனும் அவனுடைய மெக்கானிக்கும் தடத்தை வந்தடைந்து விடுகிறார்கள். வண்டியை அவன் ஓட்டி வருவதில்லை. சிறிய சரக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு வருகிறான். ஏனெனில் முகப்பு விளக்கும், பக்கக் கண்ணாடிகளும், சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டும் கழற்றப்பட்ட அந்த வண்டி சாலைக்கு உரியது அன்று.

முதல் வேலை, சோதனைக்கு வரிசையில் நிற்பது. அதிகாரிகள் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா? கைப்பிடியை விட்டதும் ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்பி அடங்குகிறதா? இன்ஜின் ஆயில் வடிக்கும் திருகு கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளதா? இவை போன்ற கேள்விகள். அந்தத் திருகு ஒன்று கழன்றால் போதும். தடத்தில் ஆயில் கொட்டும். பின்னால் வருபவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சறுக்கி விழுவார்கள். ஆகவே அக்கம்பி, அதைக் கட்டியவனைக் காப்பதைவிட மற்றவர்களைக் காப்பதற்காகவே கட்டப்படுவது எனலாம்.

வண்டியோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. அவனுடைய தலைக்கவசம், தோலாடை, கையுறை, காலணி, முதுகெலும்புக் காப்பு ஆகிய அனைத்தும் மேசைமேல் வைக்கப்படுகின்றன. தலைக்கவசத்தில் கீறல் விழுந்து வலுவிழந்திருந்தால், வார் தளர்ந்திருந்தால், அவன் எவ்வளவு திறமைசாலியாயினும் அன்று தடத்தில் இறங்க முடியாது. அவன் யாருடைய மகன் என்று அங்கே கேட்பவர் இல்லை.

அடுத்து, ஓட்டுநர் கூட்டம். அங்கே கொடிகளின் பொருள் நினைவூட்டப்படும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து; வேகத்தைக் குறைக்க வேண்டும், எவரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் போட்டி நிறுத்தப்பட்டது. நீலக் கொடி என்றால் உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான். கறுப்புக் கொடியுடன் உன் எண்ணும் காட்டப்பட்டால் நீ வெளியேறியாக வேண்டும். கறுப்பில் செம்மஞ்சள் வட்டம் என்றால் உன் வண்டியில் கோளாறு, உடனே ஒதுங்கிவிடு. வெற்றிக்கு நூறு கஜம் இருக்கும்போது காட்டப்பட்டாலும் கொடிக்குப் பணிந்தாக வேண்டும். பணியாதவனின் வெற்றி பறிக்கப்படலாம்.

பின்னர் பயிற்சி ஓட்டமும் தகுதி ஓட்டமும். தகுதி ஓட்டத்தில் யார் எவ்வளவு விரைவாக ஒரு சுற்றை முடித்தார் என்பதைக் கருவி கணக்கிடும். அவ்வரிசைப்படியே போட்டியில் நிற்கும் இடம் அமையும். இங்கேதான் புதியவன் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது எவராலும் முடியும். வளைவுக்கு முன் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எந்த இடத்தில் வண்டியைச் சாய்ப்பது, பார்வையை எங்கே செலுத்துவது என்பனவற்றில்தான் திறமை இருக்கிறது. கண் எங்கே செல்கிறதோ அங்கேதான் வண்டியும் செல்லும். வளைவின் ஓரத்துச் சுவரைப் பார்த்து அஞ்சுபவன் அந்தச் சுவரை நோக்கியே போவான்; வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பவன் அதைக் கடந்து செல்வான். வேகமாகச் செல்லக் கற்பதென்பது பெரும்பகுதி வேகத்தைக் குறைக்கக் கற்பதே ஆகும்.

அதன்பின் நெடிய காத்திருப்பு. இருங்காட்டுக்கோட்டை வெயிலில், தகரக் கூரையின் கீழோ துணிப் பந்தலின் கீழோ அமர்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, சங்கிலியின் இறுக்கத்தையும் டயரின் காற்றையும் மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டு அவன் காத்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவன் அவனுடைய போட்டியாளன். அவனுடைய வண்டியில் ஒரு நெம்புகோல் உடைந்துவிட்டால், இவன் தன்னிடமுள்ள உதிரியை எடுத்துக் கொடுப்பான். அவன் ஓடாமல் போய்விட்டால் அவனை வெல்வது எப்படி?

இறுதியில் அழைப்பு வருகிறது. வரிசையில் நிற்கிறார்கள். டயர்கள் சூடேறுவதற்காக ஒரு சுற்று மெல்ல ஓடித் திரும்புகிறார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது. அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் முதல் வளைவை நோக்கிப் பாய்கின்றன. போட்டி ஆறு சுற்றுகள் என்று கொள்வோம். மொத்தம் 22 கிலோமீட்டர். புதியவர்களுக்கும்கூடக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விடியற்காலை முதல் அவன் நின்றதும், காட்டியதும், கேட்டதும், பணிந்ததும் அந்தக் கால் மணி நேரத்திற்காகத்தான். பன்னிரண்டாவதாக வந்தாலும், காலையில் தான் எடுத்த நேரத்தைவிட ஒரு நொடி குறைத்திருந்தால் மகிழ்ச்சியோடு வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறான்.

இவ்வளவு காவல் இருந்தும் அங்கே ஆபத்து இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், இதே தடத்தில் நடைபெற்ற தேசியச் சாம்பியன்ஷிப்பின் ஒரு கட்டத்தில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், போட்டி தொடங்கிய சற்று நேரத்தில், முதல் வளைவைக் கடக்கையில் விழுந்து தலையில் பலத்த காயமுற்றான். போட்டி உடனே நிறுத்தப்பட்டது. ஆயத்தமாக நின்ற ஆம்புலன்ஸ் அவனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. எனினும் அவன் உயிர் பிழைக்கவில்லை. அந்த வாரத்துக்குரிய எஞ்சிய போட்டிகள் அனைத்தும் கைவிடப்பட்டன. பால்மணம் மாறாத அப்பிள்ளையைப் பெற்றவர்களின் துயரத்தை எழுத எழுத்தால் இயலாது. சிறுவர்களை எந்த வயதில் இவ்விளையாட்டில் இறக்குவது என்ற கேள்வி அந்நாளோடு முடிந்துபோவதும் அன்று. பயிற்சியும், தோலாடையும், மருத்துவரும் ஆபத்தைக் குறைக்கலாம். அறவே நீக்க முடியாது. இதை மறைத்துவிட்டுப் பந்தயத்தின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அப்படியானால் சகோதர சகோதரிகளே, அந்தக் காவல்களில் ஒன்றுகூட இல்லாத நம் தெருவை எண்ணிப் பாருங்கள்! தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள். எதிரே லாரி வருவதில்லை. குறுக்கே ஆடு வருவதில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இல்லை. தடம் தவறினால் விழுவதற்குத் திறந்த வெளி இருக்கிறது. கொடி காட்ட ஆள் இருக்கிறார். சாலையில் இவற்றில் எது உண்டு? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு, பிரேக்கில் கை வைப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. அதன் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இது இயற்கையின் கணக்கு; நம் பிள்ளைக்கென அது மாறாது.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தோர் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு என்பதையும் வேதனையோடு குறிப்பிட வேண்டியுள்ளது. பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் யார்? மனைவியாக இருக்கலாம். உம்மாவாக இருக்கலாம். கடைக்குக் கூட்டிச் செல்லப்பட்ட தம்பியாக இருக்கலாம். வேகத்தை முடிவு செய்தவன் ஒருவன். விலை கொடுத்தவர் வேறொருவர்.

பெற்றோர்களாகிய நாமும் இதில் பங்குடையவர்களே. “பத்தாம் வகுப்பில் தேறினால் வண்டி வாங்கித் தருகிறேன்” என்று வாக்களிக்கும் வாப்பாமார்கள் எத்தனை பேர்! கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட உரிமம் பெறுவதற்குரிய வயது 18. அவ்வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். சட்டத்திற்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளையின் மீதுள்ள அன்பே நம் கையைத் தடுக்க வேண்டாமா?

வேகத்தின் மீதுள்ள வேட்கை இளமையின் இயல்பு. அதை ஏசி அடக்கிவிட முடியும் என்று எண்ணுவது வீண். பதினெட்டைக் கடந்த மகனுக்கு அந்த வேட்கை உண்மையாகவே இருக்குமானால், தடத்தில் நடத்தப்படும் பயிற்சிப் பள்ளிக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். ஆபத்தை மறைக்காமல் எடுத்துரையுங்கள். சோதனை வரிசையில் அவன் நிற்பதைப் பாருங்கள். தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதிகாரியின் சொல்லுக்காகக் காத்திருக்கட்டும். கொடிக்குப் பணியக் கற்றவனுக்குத் தெருமுனைச் சிவப்பு விளக்கு பாரமாகத் தோன்றாது. பணிய விரும்பாதவன், தனக்கு வேண்டியது பந்தயம் அன்று, பிறர் பார்வை மட்டுமே என்பதைத் தானே உணர்ந்துகொள்வான். பார்ப்பவர் இல்லாத இடத்தில் அவ்வேகத்திற்கு வேலை இல்லை.

பந்தய வீரனுக்கு நடக்கும் சோதனையை நம் வீட்டு வாசலிலும் நடத்தலாம். அதற்கு அதிகாரி தேவையில்லை, பெற்றவரே போதும். இன்றிரவு பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொண்டு வண்டியின் இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள். டயரின் வரிகள் தேய்ந்துவிட்டனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பாருங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று குறைந்திருந்தால், அது சரியாகும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.