யூத மக்களின் எதிர்காலம் யார் கையில்?

யூத மக்களின் எதிர்காலம் என்ன? யூதன் என்றால் யார்? இந்தக் கேள்விகள் இன்று நியூயார்க்கிலும் டெல் அவீவிலும் யூதர்களின் வீட்டுக்கு வீடு வாதமாக நடக்கின்றன. பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. ஓர் இனத்தின் ஏழையையும் பணக்காரனையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையின் மேல் ஏறி நின்று ஆட்சி நடத்தும் வித்தையை இஸ்ரேலின் ஆளும் வர்க்கம் நடத்தி வருகிறது. அதனால் பாலஸ்தீன மக்கள் வீட்டையும் நாட்டையும் உயிரையும் பறிகொடுக்கிறார்கள். யூத உழைப்பாளியும் அதற்கு விலை கொடுக்கிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யூத மக்களின் அச்சம் கட்டுக்கதை அல்ல. 1939-ல் உலகில் சுமார் 1 கோடியே 65 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் 60 லட்சம் பேரை ஹிட்லரின் நாஜிக் கும்பல் கொன்று குவித்தது. 2023-ல் உலக யூதர் தொகை சுமார் 1 கோடியே 57 லட்சம். எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பள்ளம் தூரவில்லை! இனவெறியும் ஒழியவில்லை. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜெபாலயத்தில் கூடியிருந்த 11 யூதர்களை ஓர் இனவெறியன் சுட்டுக் கொன்றான். அயல்நாட்டு அகதிகளுக்கு ஒரு யூத அமைப்பு உதவுகிறதே என்பதுதான் அவனுடைய ஆத்திரம்.

இந்த அச்சத்தின் மேல்தான் சியோனிசம் கடை விரித்தது. எந்த நாட்டிலும் யூதன் அண்டை அயலாரோடு சேர்ந்து வாழ முடியாது, தனி ராஜ்யம் ஒன்றுதான் கதி என்றது. 1948-ல் அந்த ராஜ்யம் பிறந்தபோது 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர்கள் விரட்டப்பட்டும் உயிருக்குப் பயந்து ஓடியும் அகதிகளானார்கள். 2018 ஜூலையில் இஸ்ரேல் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. தேசிய சுயநிர்ணய உரிமை அந்நாட்டில் யூதருக்கு மட்டுமே உரியது என்று அச்சட்டம் கூறுகிறது. ஆட்சிமொழியாக இருந்த அரபு மொழியையும் அந்த அந்தஸ்திலிருந்து இறக்கியது. அந்நாட்டுப் பிரஜைகளில் ஐந்தில் ஒருவர் அரபு என்பதை நினைவில் வையுங்கள்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நிராயுதபாணிகளான சாதாரண ஜனங்கள். அதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. அதைக் காரணம் காட்டி இஸ்ரேல் சர்க்கார் காஸா மீது யுத்தம் தொடுத்தது. 2025 ஜூலைக்குள் அங்கு மாண்டவர் தொகை 60,000-ஐத் தாண்டியதாகக் காஸா சுகாதார இலாகா கணக்கு வெளியிட்டது. பிள்ளைகளையும் தாய்மார்களையும் கொன்று, ஊர் ஊராக இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, இதெல்லாம் யூத மக்களின் பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். உலகத்து யூதன் ஒவ்வொருவனுடைய பெயரையும் அந்த ரத்தத்தில் தோய்த்தார்கள்.

சரி, அந்த ராஜ்யத்துக்குள் யூத ஏழைக்காவது விமோசனம் கிடைத்ததா?

1950-களில் இராக், யேமன், மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த யூதர்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் அடைக்கப்பட்டார்கள். நல்ல வேலையும் நல்ல வீடும் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதருக்கே முதலில் கிடைத்தன. 1959 ஜூலையில் ஹைபா நகரின் வாதி சாலிப் பகுதியில் மொராக்கோ யூதர்கள் தெருவில் இறங்கிக் கொதித்தெழுந்தது இதனால்தான். நம் அண்டையிலுள்ள கொச்சியின் கதையும் இதோடு சேர்ந்தது. 1568-ல் மட்டாஞ்சேரியில் ஜெபாலயம் கட்டிய சமூகம் அது. நாட்டு மக்கள் அவர்களைத் துன்புறுத்தியதில்லை. இருந்தும் 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அவர்களில் பலர் நெகேவ் பாலைநிலத்து நெவாதீம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியேற்றப்பட்டார்கள். கொச்சியில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே மிச்சம்.

அடுத்தது மதகுருமாரின் அதிகாரம். இஸ்ரேலில் பதிவுத் திருமணம் கிடையாது. யூதனுக்குக் கல்யாணமும் விவாகரத்தும் மதக் கோர்ட்டின் கையில். சோவியத் நாடு சிதறிய காலத்தில் அங்கிருந்து ஏறக்குறைய 10 லட்சம் பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். பாட்டனாரோ பாட்டியோ யூதராக இருந்தால் போதும், குடியுரிமை உண்டு. ஆனால் தாய் யூதப் பெண்ணாக இல்லாவிட்டால், மதமாற்றச் சடங்கு செய்யாதவரை மதக் கோர்ட்டு அவனை யூதனாக ஏற்பதில்லை. பட்டாளத்துக்கு அழைக்கும்போது அவன் இஸ்ரேலி. கல்யாணத்துக்குப் போய் நின்றால் 'நீ யூதனல்ல' என்கிறார்கள்! இப்படிப்பட்டவர்கள் சைப்ரஸ் தீவுக்குப் போய்த் தாலி கட்டாத குறையாகப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள்.

பட்டாளத்திலும் தகராறு. 1948-ல் வேதபாடசாலை மாணவர் 400 பேருக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்குத் தரப்பட்டது. அந்தத் தொகை நாளடைவில் பல்லாயிரமாகப் பெருகியது. அவர்களையும் பட்டாளத்தில் சேர்க்க வேண்டும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யுத்தச் சுமையை யார் சுமப்பது என்று இரு தரப்பாரும் மோதுகிறார்கள். இந்த யுத்தமே எதற்கு என்று கேட்பவரின் குரல் இந்த மோதலில் அமுக்கப்படுகிறது.

அமெரிக்காவிலோ விவகாரம் வேறு விதம். அங்கே 60 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் வாழ்கிறார்கள். 2020-ல் எடுத்த ஒரு கணக்குப்படி, 2010-க்குப் பிறகு மணம் முடித்த யூதர்களில் 100-க்கு 61 பேர் யூதரல்லாதவரை மணந்திருக்கிறார்கள். இனம் கரைந்துவிடும் என்று சமூகப் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். சிறுபான்மை மக்கள் தம் மொழியும் பண்பாடும் அழிந்துவிடுமோ என்று கவலைப்படுவது நியாயமே. ஆனால் மனம் ஒத்து மணப்பதைக் குற்றமாக்கி எந்தச் சமூகத்தையும் காப்பாற்றிவிட முடியாது. பண்பாடு வாழ வேண்டுமானால், இளைஞர் தலைநிமிர்ந்து தம்முடையது என்று சொல்லத்தக்க பொருள் அதில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பொருள் யூத மக்களின் வரலாற்றில் ஏராளமாக உண்டு. 1897-ல் ஜார் ஆட்சியின் கீழிருந்த வில்னா நகரில் யூதத் தொழிலாளர்கள் 'புந்த்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். வாழும் மண்ணிலேயே உரிமைக்குப் போராடுவோம் என்பது அவர்கள் கொள்கை. 1909 நவம்பரில் நியூயார்க் தொழிலாளர் கூட்டத்தில் 23 வயதுத் தையல் தொழிலாளி கிளாரா லெம்லிச் மேடையேறி, தாய்மொழியான யித்திஷில் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினார். 20,000-க்கு மேற்பட்ட பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 1911 மார்ச் 25 அன்று அதே நகரில் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. ஒரு வழிக் கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். ஆலை முதலாளிகள் யார்? அவர்களும் யூதர்களே! வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள். பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவளும் யூதப் பெண், பூட்டவைத்தவனும் யூதன். இருவருக்கும் ஒரே எதிர்காலம் என்று சொல்பவன் எவனும் முதலாளியின் ஆளாகவே இருப்பான்.

1943 ஏப்ரலில் வார்சாவில் சிறைபட்டிருந்த யூதர்கள் நாஜிகளை எதிர்த்து ஆயுதம் ஏந்தினார்கள். கம்யூனிஸ்டுகளும் புந்த் தோழர்களும் சியோனிச இளைஞர்களும் தோளோடு தோள் நின்று மடிந்தார்கள். 1952 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் யித்திஷ் எழுத்தாளர்கள் உள்ளிட்டோர் பொய்வழக்கில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. அநீதி எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அநீதிதான்.

இந்தப் பழைய மரபு செத்துவிடவில்லை. 2023 அக்டோபர் இறுதியில் நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையத்தில் யூத இளைஞர்களும் முதியவர்களும் திரண்டு உட்கார்ந்து, எங்கள் பெயரால் யுத்தம் வேண்டாம் என்று முழங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். இஸ்ரேலிலேயே யூதரும் அரபுகளும் ஒரே கம்யூனிஸ்டுக் கட்சியில் தோழர்களாக நின்று, துரோகி என்ற வசையைத் தாங்கிக்கொண்டு யுத்தத்தை எதிர்த்தார்கள். யூத மக்களின் எதிர்காலத்துக்கு வழி காட்டுகிறவர்கள் இவர்களே.

தோழர்களே! காஸாவின் பிணக் குவியலைக் கண்டு நம் ரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். அந்தக் கோபம் இஸ்ரேல் சர்க்கார் மீதும், அதற்குக் குண்டு கொடுக்கும் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் மீதும் பாயட்டும். 'யூதனே இப்படித்தான்' என்று எவனாவது டீக்கடையில் பேசினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அது ஹிட்லரின் பேச்சு. இஸ்ரேலைக் குறை சொன்னாலே யூத துவேஷம் என்று எவனாவது வாயை அடைக்க வந்தால் அதையும் மறுத்துப் பேசுங்கள். அது யுத்த வெறியரின் பேச்சு.

பாலஸ்தீனியனுக்கு நாடும் சம உரிமையும் கிடைக்கிற நாளில்தான் யூதத் தாயும் தன் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு விழித்துக் கிடக்காமல் தூங்குவாள்.

யூத-அரபு உழைக்கும் மக்களின் ஒற்றுமை ஓங்குக!