எழுத்தை விழுங்கும் ஆங்கிலம்

வாசலில் தபால்காரர் வந்து நிற்கிறார். "போஸ்மேன் வந்திருக்கிறார்!" என்று பாட்டி குரல் கொடுக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "போஸ்மேன் இல்லை பாட்டி, போஸ்ட்மேன்!" என்று திருத்துகிறான். பாட்டிக்கு வெட்கமாகி விடுகிறது. அடுத்த முறை அவள் அந்தச் சொல்லையே சொல்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயரும், வேகமாகப் பேசும்போது பெரும்பாலும் "போஸ்மேன்" என்றுதான் சொல்கிறார்!

பேச்சு வேறு, எழுத்து வேறு

ஆங்கிலத்தில் எழுதும்போது இருக்கும் சில மெய்யெழுத்துக்கள், பேசும்போது மறைந்து போகின்றன. "கிறிஸ்துமஸ்" என்ற சொல்லின் நடுவே ஆங்கிலத்திலும் ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால், ஆங்கிலேயர் வாயில் வருவது "கிறிஸ்மஸ்" தான்.

என்ன காரணம்? 1476-ம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். அச்சு வந்த பிறகு, எழுத்து மெல்ல மெல்ல ஒரே நிலைக்கு வந்தது. நாக்கு அப்படி நிற்கவில்லை. கத்தியைக் குறிக்கும் "நைஃப்" என்ற சொல் "கே" என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் அதையும் சேர்த்தே உச்சரித்தார்கள். பிறகு ஒலி போய்விட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது.

ஒழுங்கு உண்டு

விழுங்குவது என்றால் கண்டபடி விழுங்குவது அல்ல. அதற்கும் ஒழுங்கு இருக்கிறது.

"போஸ்ட்" என்ற சொல்லை அடுத்து "மேன்" வருகிறது. மூன்று மெய்கள் நெருக்கி நிற்கின்றன. நடுவில் அகப்பட்ட "ட்" நசுங்கி விழுகிறது. ஆனால், "போஸ்ட் ஆபீஸ்" என்று சொல்லும்போது "ட்" விழுவதில்லை. அடுத்து உயிரெழுத்து வந்து அதைத் தாங்கிக் கொள்கிறது. இப்படியே "நெக்ஸ்ட் டே" என்பது "நெக்ஸ் டே" ஆகிறது. "பர்ஸ்ட் கிளாஸ்" என்பது "பர்ஸ் கிளாஸ்" ஆகிறது.

தமிழுக்கு இது புதிதா? இல்லை. மரம் என்பதோடு வேர் சேர்ந்தால் "மரவேர்" ஆகிறது. "ம்" போய்விடுகிறது. நன்னூல் இதைக் "கெடுதல்" என்கிறது. வீட்டுப் பேச்சில் "போகிறான்" என்பது "போறான்" ஆகிறது. இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

சிரிப்பவர்கள் அங்கும் உண்டு

ஆங்கிலேயர்களிடமும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. "கிறிஸ்மஸ்" என்பது அங்கே மரியாதையான பேச்சு. ஆனால் லண்டன் ஏழைகள் "ஹவுஸ்" என்பதை "அவுஸ்" என்றால் ஏளனம்! 1913-ல் மேடை ஏறிய பெர்னார்ட் ஷாவின் "பிக்மேலியன்" நாடகம் இதைத்தான் காட்டுகிறது. பூ விற்கும் பெண் உச்சரிப்பை மாற்றிக் கொள்கிறாள். உடனே சீமாட்டி என்று மதிக்கப்படுகிறாள். விழுங்கியது யார் என்று பார்த்துத்தான் உலகம் சிரிக்கிறது.

எதை விழுங்கக் கூடாது?

சில இடங்களில் விழுங்கினால் பொருளே மாறிவிடும். "கேன்" என்றால் முடியும். "கேன்ட்" என்றால் முடியாது. அமெரிக்கர்கள் பேசும்போது அந்தக் கடைசி "ட்" பல நேரம் காதில் விழுவதே இல்லை. "நாளை வர முடியாது" என்று சொன்னதை "வர முடியும்" என்று புரிந்து கொண்டால் எவ்வளவு தொல்லை! டெலிபோனில் வேலை பார்ப்போர் இதை அறிவார்கள். ஆகவே, முக்கியமான இடத்தில் "கேனாட்" என்று முழுதாகச் சொல்வதே நல்லது. அவர்கள் சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் குறைவு இல்லை.

பயிற்சி எப்படி?

முதலில் ஒவ்வொரு சொல்லையும் தனியே, முழுதாகச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். "போஸ்ட்மேன்", "போஸ்ட் ஆபீஸ்" என்று மாற்றி மாற்றிச் சொன்னால், "ட்" எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது காதுக்குப் பயிற்சி. ஆங்கிலச் செய்தியில் ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். பிறகு அச்சிட்ட வாக்கியத்தோடு ஒப்பிட வேண்டும். விட்டுப்போன எழுத்துக்கள் எவை என்று அப்போது தெரியும். தினமும் பத்து நிமிடம் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. காது வேகமான பேச்சைப் புரிந்து கொள்ள வேண்டும். வாய் அந்த வேகத்தைக் காப்பி அடிக்க வேண்டியதில்லை. நிதானமாக, தெளிவாகப் பேசினால் யாருக்கும் புரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை நாக்கு அல்ல; சிரிப்பு. சிரிப்புக்குப் பயந்து வாயை மூடியவர்கள் எந்த மொழியையும் கற்றது இல்லை. அந்தப் பேரன் நாளைக்குப் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "பாட்டி, நீ சொன்னதும் சரிதான்!"