64 நிறங்களில் ஓர் அட்டை

பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டை போல ஒரு படம் வேண்டும் என்று யார் கேட்டாலும், கணினியில் வரைகிறவர்கள் இன்று பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். படத்தை வழக்கம்போல வரைந்து முடிக்கிறார்கள். பிறகு அதன்மேல் பெரிய பெரிய புள்ளிகளைத் தூவி, தாளைப் பழுப்பாக்கி, ஓரத்தில் மடிப்பும் கிழிசலும் ஒட்டுகிறார்கள். என் மனசுக்கு இது ஒப்பவில்லை. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15ஆம் இதழ், 1962 ஆகஸ்ட் தேதியிட்டு வந்தது. 12 சென்ட் கொடுத்து அதைக் கடையில் எடுத்த சிறுவனின் கையில் இருந்தது புத்தம்புதிய, பளபளப்பான அட்டை. பழுப்பு பின்னால் வந்த ஆண்டுகள் சேர்த்தது. பென்சிலில் வரைந்த ஜாக் கிர்பியோ, மை தீட்டிய ஸ்டீவ் டிட்கோவோ அதைச் சேர்க்கவில்லை.

பழுப்பைக்கூட மன்னித்துவிடலாம், புள்ளிகளை மன்னிக்க மனம் வரவில்லை. அந்தக் காலத்து உள்பக்கங்கள் மலிவான நியூஸ்பிரிண்டில் அச்சானவை. நிறத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் ஸ்கிரீன் கரடுமுரடாக இருந்ததால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தன. அட்டைக்கு வழவழப்பான தாள், நெருக்கமான ஸ்கிரீன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாலொழிய புள்ளி தெரியாது. அப்படியிருக்க, காமிக்ஸ் என்றதும் கண் ஏன் புள்ளியைத் தேடுகிறது? ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த ‘ட்ரவுனிங் கேர்ள்’, ‘வாம்!’ ஆகிய ஓவியங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இரண்டுமே காமிக்ஸின் உள்பக்கக் கட்டங்களிலிருந்து எடுத்தவை. மூலத்தை வரைந்தவர்கள் டோனி அப்ரூட்சோவும் இர்வ் நோவிக்கும். அருங்காட்சியகச் சுவர் அளவுக்குப் பெருக்கப்பட்ட அந்தப் புள்ளிதான் நம் நினைவில் காமிக்ஸாகப் பதிந்துவிட்டது. அட்டையை அட்டையாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அந்த நினைவை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அப்படியானால் அந்த அட்டைகளின் தனித்தன்மை எங்கே இருக்கிறது? நிறத்தைத் தேர்ந்தெடுத்த முறையில் என்பது என் துணிபு.

சிவகாசியில் அச்சகம் பார்த்தவர்களுக்கு நாலு கலர் அச்சு புதிதல்ல. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். அமெரிக்க காமிக்ஸில் கருப்பு, கோட்டுக்கும் நிழலுக்கும் போய்விடும். மற்ற மூன்று மைகளையும் 25, 50, 100 சதவீதம் என்ற மூன்று அளவுகளில்தான் போட முடியும். எதுவும் போடாமலும் விடலாம். ஆக ஒரு மைக்கு நான்கு நிலைகள். மூன்று மைகளையும் கலந்தால் அதிகபட்சம் 64 நிறங்கள், அதுவும் வெறும் தாளின் வெள்ளையைச் சேர்த்து! நிறம் தீட்டும் கலைஞர் ஒரு சிறிய நகலில் சாயத்தால் வண்ணமிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் குறியீடு எழுதுவார். ‘ஒய்ஆர்’ என்றால் முழு மஞ்சளும் முழு மெஜந்தாவும், அதாவது பளிச்சென்ற சிவப்பு. ‘ஒய்ஆர்3’ என்றால் மெஜந்தா பாதியாகும், ஆரஞ்சு கிடைக்கும்.

அந்தக் குறியீட்டைப் பிளேட்டாக மாற்றிய வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு நிறுவனம் இதைச் செய்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூன்று மைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் என்று ஒரு பக்கத்துக்கு ஒன்பது ஒளிபுகும் தாள்கள். எந்த இடத்தில் எந்த மை எந்த அளவில் விழ வேண்டுமோ அந்த இடத்தை அந்தத் தாளில் தூரிகையால் அடைப்பார்கள். சூப்பர்மேனின் மேலங்கி சிவப்பாகத் தெரிந்ததில் அவர்களின் கைக்கும் பங்குண்டு. அட்டையிலோ உள்ளேயோ அவர்கள் பெயர் வந்ததில்லை.

அச்சு எதைத் தாங்குமோ அதற்கேற்ப நாயகர்களே மாறியிருக்கிறார்கள். 1962இல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்தான். அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்தது. இரண்டாம் இதழிலிருந்து பச்சையாகிவிட்டான்.

கணினியில் வரையும்போது நான் முதலில் செய்வது இந்த 64 நிறங்களைப் பலகையாகக் கட்டி வைப்பதுதான். கிரிட்டா, ஃபோட்டோஷாப், கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் எதிலும் இது முடியும், கிரிட்டா இலவசம். பலகைக்கு வெளியே உள்ள நிறத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் கை வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. முகத்தில் மென்மையான நிழல் போட வழியில்லை, அதனால் நிழலைக் கருப்பு மையிலேயே வைத்தாக வேண்டும். இரவு வானத்துக்கு நுணுக்கமான நீலம் கிடையாது, அதனால் அதற்கு எதிரே மஞ்சளை நிறுத்தத் தோன்றும். கருங்கூந்தலில் மினுமினுப்பு வேண்டுமானால் நீலத்தை இறக்க வேண்டும். அக்காலத்தவர் செய்ததும் அதுவே. மூன்று மைகளுக்கும் தனித்தனி லேயர் வைத்து, ஒன்றன்மேல் ஒன்று மல்டிப்ளை முறையில் படியவிடுகிறேன். மைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் ரெஜிஸ்டர் விலகியது போல் வேண்டுமானால் சயான் லேயரை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். அதற்கு மேல் நகர்த்துவது அந்த அச்சுக்காரர்களை மட்டமாக நினைப்பதாகும்.

கோட்டிலும் ஒரு செய்தி உண்டு. 1960களின் பிற்பகுதி வரை மூலப்படங்களை அச்சாகும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கில் வரைந்தார்கள். சுருங்கும்போது கோடு இறுகி, உறுதியாகத் தெரியும். திரையில் பெரிதாக்கி வைத்து முடியளவு கோடுகளை இழைத்தால் அந்த இறுக்கம் வராது. இருமடங்கில் வரைந்து, பாதியாகக் குறைத்துப் பார்த்து, காணாமல் போகும் கோடுகளை அழித்துவிடுவதே சரியான வழி.

எல்லா அட்டைகளும் தட்டையான நிறத்தில் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. டிசி நிறுவனத்தில் ஜாக் அட்லர் என்பவர், நீர்த்த கருமையால் சாயலிட்ட ஓவியத்தின்மேல் நிறத்தை ஏற்றி அட்டைகள் செய்தார். 1961இல் ரஸ் ஹீத் வரைந்த ‘சீ டெவில்ஸ்’ முதல் இதழின் அட்டையைப் பாருங்கள். நீருக்கடியில் இருக்கும் அந்த ஆழம் கருமையின் படிநிலைகளால் வந்தது. கணினியில் இதைச் செய்ய, கருப்புக்கென்று ஒரு லேயரில் சாம்பல் சாயல்களைத் தீட்டிவிட்டு, நிறத்தை அதே 64க்குள் வைத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்த அட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

கடைசியாக, தலைப்பு எழுத்து. கடை அடுக்கில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். மேலே உள்ள பகுதிதான் கண்ணில் படும் என்பதால் தலைப்பு அங்கே ஏறி உட்கார்ந்தது. டிசியின் தலைப்புகள் பலவற்றையும் அட்டை வாசகங்களையும் ஐரா ஷ்னாப் கையால் எழுதினார். அவருடைய தலைப்பு எழுத்துகளில் பல பக்கவாட்டில் கனம் காட்டுபவை. தமிழில் தலைப்பு போடும்போது சிக்கல் இங்கேதான். ‘ழு’வுக்கும் ‘ணை’க்கும் கனம் கொடுக்கப் போனால் வளைவுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஆயத்த எழுத்துரு இதற்கு உதவாது. சுழியை எங்கே திறந்து விடுவது, கொம்பை எவ்வளவு நீட்டுவது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் தனியாக முடிவெடுத்துக் கையால்தான் வரைய வேண்டும். புள்ளி தூவச் செலவிடும் நேரத்தை இதில் செலவிடலாம்.