பெட்டியின் மேல் ஒரு வேகம், மேஜையின் மேல் ஒரு வேகம்

கேமிங் லேப்டாப் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, அதன் பிராசசர் ஒரே வேகத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பது. விளையாட்டைத் திறந்த முதல் நிமிஷத்தில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் காட்டிய எண், சிறிது நேரத்தில் 3-க்கு இறங்கி, மறுபடி ஏறி, மீண்டும் 2-க்குச் சரிய, திரையில் ஓடும் காட்சி திக்கித் திக்கி நகர்கிறது. எண்பதினாயிரமோ ஒரு லட்சமோ விலையுள்ள பொருளை மாதத் தவணையில் வாங்கிய மாணவரோ, அவருக்காகக் கையொப்பமிட்ட தகப்பனாரோ, கலக்கத்துடன் அதைச் சர்வீஸ் கடைக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே முதலில் விண்டோஸை ஃபார்மட் செய்கிறார்கள். பலன் இல்லையென்றால் பிராசசரின் மேல் பூசிய, உஷ்ணத்தைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் 'போர்டு போய்விட்டது' என்று தீர்ப்பு வருகிறது. காரணத்தைத் தேடுவதற்கு முன்பே பரிகாரத்தைத் தொடங்கும் இந்த முறை தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், அந்தத் தவற்றின் முழுப் பொறுப்பையும் கடைக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஏனெனில், பழுதில்லாத நிலையில் அந்த யந்திரம் நீடித்து எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை, அதைச் செய்து விற்றவர்கள் பெரும்பாலும் பெட்டியிலும் சொல்வதில்லை, கையேட்டிலும் சொல்வதில்லை. சரியான அளவு இன்னதென்று தெரியாதபோது குறை இன்னதென்று நிச்சயிப்பது எவருக்கும் சாத்தியமன்று.

பிராசசரின் வேகம் மாறுவது அதன் சுபாவம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கினால் அவற்றுக்கு வேண்டிய வோல்டேஜும் அதே விகிதத்தில் குறையும், ஆகையால் ஒரே பரப்பில் மேலும் மேலும் நெருக்கி வைத்தாலும் உஷ்ணம் மிகாது என்று 1974-ல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் கணினிகள் ஆண்டுதோறும் வேகம் பெற்றுவந்ததற்கு அந்த விதியே ஆதாரமாக இருந்தது. 2000-களின் நடுவில், வோல்டேஜை அதற்கு மேல் குறைக்க வழியில்லாமலும் கசியும் மின்சாரம் பெருகியும் அந்த விதி பொய்த்துவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் பென்டியம் 4 ஒன்றை வெளியிடுவதாக இருந்த இன்டெல் நிறுவனம் 2004-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. எப்போதும் உச்ச வேகத்தில் ஓட முடியாதென்றால், முடிந்த கணத்தில் மட்டும் உச்சத்துக்குச் சென்று திரும்பட்டும் என்ற யோசனை அதன் பிறகே வலுப்பெற்றது; டர்போ பூஸ்ட் என்னும் பெயரில் 2008-ல் அது கோர் ஐ7 பிராசசர்களில் இடம்பெற்றது. ஆகவே இன்றைய பிராசசர், வேலை இல்லாதபோது 800 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அடங்கியிருப்பதும், ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவதும், மறு விநாடியே அடங்குவதும் செம்மையாக இயங்குகிறது என்பதற்கே அடையாளம்.

உச்ச வேகத்துக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். பிராசசர் உண்ணும் மின்சக்தி அதன் வேகத்தைப் பொறுத்தும், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் உயர்கிறது. வேகத்தை 20 சதவீதம் கூட்ட வேண்டி வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால், மின்சக்தி 45 சதவீதம் ஏறிவிடும். அவ்வளவும் உஷ்ணமாகவே வெளியேற வேண்டும். இன்டெல்லின் கோர் ஐ7-12700எச் என்ற பிராசசரை எடுத்துக்கொள்வோம். அதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், அதன் முக்கியக் கோர்களுக்குரிய அடிப்படை வேகமோ 2.3 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை மின்சக்தி 45 வாட் என்றும், டர்போ நிலையில் உச்சம் 115 வாட் என்றும் இன்டெல்லே குறிப்பிடுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே எந்த வாட் அளவில் நீடித்து ஓட விடுவது என்பதை நிர்ணயிக்கிறவர் லேப்டாப்பைச் செய்யும் நிறுவனத்தார். ஒருவர் 45 வாட்டில் நிறுத்தலாம், மற்றொருவர் தடித்த செப்புக் குழாய்களையும் பெரிய ஃபேன்களையும் வைத்து 90 வாட் வரை அனுமதிக்கலாம். கடையில் இரண்டின் மேலும் ஒட்டப்பட்டிருக்கும் பெயர் ஒன்றே, விளம்பரத்தில் காணும் எண்ணும் அந்த 4.7 ஒன்றே.

இனி, வேகம் குறைவதில் எது இயல்பு, எது பழுது என்று பிரித்தறியும் வழிக்கு வருவோம். சார்ஜரைச் செருகாமல் பாட்டரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேகமில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அத்தனை வாட்டைப் பாட்டரியால் தனித்துத் தர இயலாது. உரிய சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்து, எந்த விளையாட்டில் சங்கடம் ஏற்படுகிறதோ அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட விட்டு, அந்த நேரம் முழுவதும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு இலவசச் செயலியால் வேகம், உஷ்ணம், வாட் ஆகிய மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். பிராசசரை மட்டும் தனியாக வருத்தும் சோதனைகளை நம்பிச் சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் உஷ்ணத்தைக் கடத்தும் குழாய்கள் பொது, சார்ஜர் தரும் மின்சக்தியும் பொது என்பதால், தனிச் சோதனையில் தேறிய பிராசசர் விளையாட்டின்போது தோற்பதுண்டு.

பதிவான எண்களை உற்றுப் பார்த்தால் காரணம் தானே வெளிப்படும். ஆரம்பத்தில் அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ உயர்ந்திருந்த வாட் அளவு, பிறகு குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு இறங்கி அங்கேயே அசையாமல் நிற்குமானால், அது நிறுவனம் விதித்த மின்சக்தி வரம்பு. நீடித்து நிற்கும் அந்த வரம்பைப் பிஎல்1 என்றும், ஆரம்பத்தில் சிறிது நேரம் அனுமதிக்கும் உயர்ந்த வரம்பைப் பிஎல்2 என்றும் சர்வீஸ் செய்பவர்கள் சொல்வார்கள். அங்கே கழற்றிப் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. வாட் அளவு ஓரிடத்தில் நிற்காமல் வேகம் ரம்பப் பல்லைப் போல் ஏறி ஏறி இறங்க, உஷ்ணம் மட்டும் பிராசசருக்கு விதித்த எல்லையை, பல இன்டெல் பிராசசர்களில் 100 டிகிரி செல்சியஸை, ஒட்டியே நிற்குமானால், அது உஷ்ணத்தின் காரியம். உஷ்ணமும் குறைவு, வாட்டும் குறைவு, அப்படியிருந்தும் வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் பூட்டியதுபோல் நின்றால் அது முற்றிலும் வேறு விவகாரம்.

உஷ்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊருக்கு அது மிகவும் பொருந்தும். லேப்டாப் உஷ்ணத்தை வெளியேற்றும் ஆற்றல், பிராசசரின் உஷ்ணத்துக்கும் அறையின் உஷ்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பிராசசர் 95 டிகிரியிலும் அறை 25 டிகிரியிலும் இருக்கும்போது 70 வாட்டை வெளியேற்றும் ஓர் அமைப்பு, கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத மாடி அறையில், காற்று 38 டிகிரியில் இருக்கும்போது, ஏறத்தாழ 57 வாட்டைத்தான் வெளியேற்றும். எந்தப் பழுதும் இல்லாமலேயே ஐந்தில் ஒரு பங்கு பறிபோய்விடுகிறது. டிசம்பரில் நன்றாக ஓடிய யந்திரம் மே மாதத்தில் தடுமாறினால், போர்டைக் குற்றம் சொல்வதற்கு முன் அறையின் உஷ்ணத்தைக் குறித்துக்கொள்வது அவசியம்.

அதற்கு மேலும் உஷ்ணம் மிகுந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ, கை தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அடிமூடியைக் கழற்றியதும் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. ஃபேனையே திருகு நீக்கி வெளியில் எடுக்கிறார். தூசி அடைத்துக்கொள்ளும் இடம் ஃபேனுக்குப் பின்னால், அது காற்றைத் தள்ளும் செப்புத் தகடுகளின் வாயில் இருக்கிறது. தலைமுடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துணிபோல் படிந்த அந்தச் சாம்பல் நிறப் பட்டையை விரலால் உரித்தெடுக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே நகர்ந்து கிடக்கும். ஊதும்போது இறக்கைகள் தறிகெட்டுச் சுழன்று பேரிங் கெடாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அறிந்தவர்களின் வழக்கம். பிராசசரின் மேல் உள்ள பேஸ்ட் வருஷக்கணக்கில் சூடேறி ஆறி ஓரங்களுக்கு ஒதுங்கி நடுவில் காய்ந்திருந்தால் அதைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும். பின்பு திருகுகளை, அவற்றின் பக்கத்திலேயே பொறித்துள்ள 1, 2, 3, 4 என்ற வரிசையில், சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கிவிட்டால் எத்தனை உயர்ந்த பேஸ்ட்டும் பிரயோஜனப்படாது.

400, 800 மெகாஹெர்ட்ஸில் பூட்டிக்கொண்ட விவகாரம் பலரை வீணாக ஃபார்மட் செய்ய வைக்கிறது. போர்டில் உள்ள வேறு பாகங்கள் ஆபத்தை உணர்ந்தால் பிராசசரை அடங்கச் சொல்லி ஒரு சமிக்ஞை அனுப்பும் ஏற்பாடு உண்டு. ப்ராக்காட் என்பது அதன் பெயர். அதை எழுப்பிவிடுவது பல சமயங்களில் சார்ஜரேயாகும். சில நிறுவனங்களின் சார்ஜர் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும்; தான் எத்தனை வாட் தரக்கூடியவன் என்பதைச் சார்ஜர் அதன் வழியாகவே தெரிவிக்கிறது. அந்த ஊசி வளைந்தாலும், வயர் உள்ளுக்குள் அறுந்தாலும், விலை மலிவென்று வேறு சார்ஜரை வாங்கிச் செருகினாலும், மின்சாரம் தாராளமாக வந்துகொண்டிருக்கும்போதே லேப்டாப் அதை நம்ப மறுத்து வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். உரிய சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல், த்ராட்டில்ஸ்டாப் போன்ற செயலியால் அந்தச் சமிக்ஞையையே நிறுத்திவிடும்படி கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூலகாரணம் தெரியாமல் ஒரு காவலை அகற்றுவது கூடாது என்றே நான் கருதுகிறேன்.

சில சமயம் விண்டோஸின் ஓர் அமைப்பே வேகத்தைத் தடுக்கும்: அதன் பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச பிராசசர் நிலை 99 சதவீதம் என்றிருந்தால் டர்போ எழாது, வேகம் அடிப்படை அளவைத் தாண்டாது. 100 என்று மாற்றினால் போதும். வோல்டேஜைச் சற்றுக் குறைத்து உஷ்ணத்தைத் தணிக்கும் உபாயமும் முன்பு பலருக்குக் கைகொடுத்தது. வோல்டேஜை மாற்றும் அதே வழியைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தக்கூடிய பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை 2019 டிசம்பரில் வெளியானபின் பல லேப்டாப்புகளின் பயாஸில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் செய்து முடித்தவருக்குக் கடைசியில் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது: தம் யந்திரம் 55 வாட்டில் நிற்கிறதே, அது நிற்க வேண்டிய இடம் அதுதானா? இதற்கு விடை நிறுவனத்திடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. அச்சிட்ட ஓர் எண் கையில் இருப்பதன் மகிமையை 2018 ஜூலையில் உலகம் கண்டது. கோர் ஐ9 பொருத்திய ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோ, வீடியோ எடிட்டிங் வேலையில் தன் அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்ஸைக்கூடத் தக்கவைக்கவில்லை என்று ஒரு காணொளி விமர்சகர் எடுத்துக்காட்டினார். சில தினங்களுக்குள் ஆப்பிள், உஷ்ணத்தைப் பராமரிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டுப்போனதை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தையும் வெளியிட்டது. 2.9 என்ற எண் அச்சில் இருந்ததனால்தான் அந்தப் பிழையை நிரூபிக்க முடிந்தது.

கிராஃபிக்ஸ் சிப் விஷயத்தில் இதற்கு முன்மாதிரியே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080 என்ற ஒரே பெயரைத் தாங்கிய லேப்டாப் சிப், ஒரு யந்திரத்தில் 80 வாட்டிலும் மற்றொன்றில் 150 வாட்டுக்கு மேலும் ஓடுவது கண்டு வாங்குவோர் முறையிட்டபின், லேப்டாப் நிறுவனங்கள் அந்த வாட் அளவை வெளியிட வேண்டும் என்று 2021-ல் என்விடியா வற்புறுத்தியது. பிராசசருக்கும் அதையே செய்ய என்ன தடை? ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும் நட்சத்திர முத்திரையோடும் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கோடும் விற்கப்படும் தேசம் இது. பொருளின் தரம், அளவு, வீரியம் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமை நுகர்வோருக்கு உண்டென்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் சேர்ந்து உழைக்கும்போது, 35 டிகிரி அறையில், அரை மணி நேரத்துக்குப் பின் ஒவ்வொன்றும் எத்தனை வாட்டில் நிற்கும், பிராசசர் எந்த வேகத்தில் நிற்கும் என்பதை உச்ச வேகத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். இதுபோன்ற சோதனைகளை நிறுவனங்கள் தம் கூடங்களில் எப்படியும் நடத்துகின்றன; முடிவை அச்சிடுவதால் அவற்றுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

அது நடக்கும்வரை வாங்குகிறவர் தாமே அந்த அளவை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். லேப்டாப் வந்த வாரத்திலேயே, தூசியும் படியாமல் பேஸ்ட்டும் காயாமல் இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி, வேகம், உஷ்ணம், வாட், அறையின் உஷ்ணம், தேதி ஆகியவற்றைக் குறித்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றையும் கொடுத்து, வேலை முடிந்தபின் அதே விளையாட்டில் எடுத்த எண்களை ரசீதில் எழுதித் தரும்படி கேட்கட்டும்.